சனிக்கிழமை சண்டை கிளாஸ்: எட்டு வாரம் மகன அனுப்பிப் பாத்துட்டு எழுதுதேன்

பாளையங்கோட்டை மகாராஜநகர் பக்கம் ஒரு வீட்டு மாடில சனிக்கிழமை தோறும் நடக்குற கிளாஸ் இது. நடத்துறது ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க, பேரு போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க அதனால போடல. சண்டை வந்தா பேசித் தீக்குறது எப்படின்னு பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்காங்க. எட்டு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் 1,200 ரூபா. கராத்தே, அபாகஸ், ஹிந்தின்னு தெருவுக்கு நாலு கிளாஸ் இருக்கு, இதுக்குன்னு ஒரு கிளாஸ நான் இப்பதான் பாக்கேன்.

ஏன் அனுப்புனேன்னு சொல்லிருதேன். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஸ்கூல் பசங்களே கூடப் படிக்குற பையன வீடு புகுந்து வெட்டுனது எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரல்ல இங்க பாளையங்கோட்டைலயே எட்டாம் வகுப்பு பையன் கிளாஸ்ல வச்சு இன்னொரு பையன அரிவாளால வெட்டிட்டான், பென்சில்ல ஆரம்பிச்ச தகராறுன்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. என் மகனும் ஏழாம் வகுப்பு, அவனும் அதுக்கு முந்துன ஜனவரில சட்டை கிழிஞ்சு வந்தவன்தான், ஜாமெட்ரி பாக்ஸ இரவல் வாங்குன ஃப்ரெண்டு காம்பஸ ஒடிச்சுட்டான்னு சண்டை. ஸ்கூல்ல கூப்பிட்டு ரெண்டு பேரையும் "சாரி சொல்லு, கை குடு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, ஏன் அடிச்சேன்னு ஒருத்தரும் கேக்கல, மறு வாரமே திரும்பவும் அடிச்சிக்கிட்டானுவ.

முத நாள் நானும் உக்காந்து பாத்தேன். டீச்சர் ஒரு பன்னீர் சோடா பாட்டில எடுத்து நல்லா குலுக்கிட்டு "இப்ப தொறக்கவா?"ன்னு கேட்டாங்க, எல்லா பிள்ளைங்களும் வேண்டாம் வேண்டாம்னு கத்துதுங்க. பாட்டில மேசைல வச்சுட்டு நுரை அடங்குற வரைக்கும் கடிகாரத்தப் பாக்கச் சொன்னாங்க. அதுக்கப்புறம் மெதுவா தொறந்தாங்க, ஒரு சொட்டு வெளிய வரல. "கோவம் வரக்கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன், தொறக்குற நேரத்த நீ முடிவு பண்ணு" அவ்வளவுதான் சொன்னாங்க. என் மகன் வீட்டுக்கு வந்து தங்கச்சிக்கிட்ட அதே மாதிரி தண்ணி பாட்டில வச்சு செஞ்சு காட்டுனான்.

ரெண்டாவது வாரம் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. "ஏலே"ங்கிற ஒரு வார்த்தைய ஒவ்வொரு பிள்ளையும் அஞ்சு விதமா சொல்லணும், பாசமா, கூப்புடுற மாதிரி, ஆச்சரியமா, எரிச்சலா, அடிக்க வாற மாதிரி. மத்த பிள்ளைங்க அது எந்த ஏலேன்னு கண்டுபிடிக்கணும். நம்ம ஊர்ல பாதி சண்டை இந்த ஒரு வார்த்தைலதான் ஆரம்பிக்கும், சொன்னவன் சும்மா சொல்லிருப்பான் கேட்டவன் வேற மாதிரி எடுத்துருப்பான், அத பிள்ளைங்க அவங்க வாயாலயே சொல்லிப் பாத்து புரிஞ்சுகிட்டாங்க.

கொறை ஒன்னு சொல்லணும், குடுக்குற அச்சடிச்ச நோட்டு. எங்கயோ இருந்து அப்படியே மொழிபெயர்த்தது மாதிரி இருக்கு, சாண்ட்விச்ச பங்கு போடுறதுல சண்டையாம், "நான் வருத்தமாக உணர்கிறேன்"னு எழுதிருக்கு. எந்தப் பிள்ளைங்க நம்ம ஊர்ல அப்படி பேசுது? ஆனா டீச்சர் அத மூடி வச்சுட்டு "உங்க வீட்ல எப்படி சொல்லுவீங்க"ன்னு கேட்டு போர்டுல எழுதுனாங்க. எனக்கு வெசனமா இருக்கு, சங்கடமாப் போச்சு, வெக்கமாயிட்டு, மனசே கேக்கல, இப்படி இருவது வந்துச்சு. "நீ எப்பவும் இப்படித்தாம்ல"ன்னு ஆரம்பிச்சா எதிராளி உடனே எகிறுவான், "நீ சொல்லாம எடுத்துட்டுப் போனது எனக்கு சங்கடமாப் போச்சு"ன்னா அவன் கொஞ்சம் நின்னு கேப்பான். இந்த முறைய அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் அம்பது வருசத்துக்கு முன்னாலயே சொல்லிருக்காராம். அந்த நோட்ட மட்டும் தூக்கிப் போட்டுட்டு பிள்ளைங்க சொன்னதையே அச்சடிச்சா நல்லாருக்கும்.

நாலாவது வாரத்துல இருந்து பிள்ளைங்களே நடுவுல உக்காந்து சண்டைய தீக்கப் பழகுதாங்க. பஞ்சாயத்து மாதிரிதான் ஆனா தீர்ப்பு சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேக்கலாம். என்ன நடந்துச்சு, அப்ப நீ என்ன நெனச்ச, யாருக்கு கஷ்டம், சரி பண்ண என்ன செய்யணும். ஒரு எட்டாம் வகுப்பு பொண்ணு நடுவரா இருந்து ரெண்டு பசங்களோட கிரிக்கெட் பேட் சண்டைய தீத்துச்சு. இருவது நிமிசம் ஆச்சு, நடுவுல ஒருத்தன் அழுதுட்டான், அந்தப் பொண்ணு அவசரப்படாம தண்ணி குடுத்துட்டு "நீ சொல்லு, நான் இருக்கேன்"னு சொல்லுச்சு. பெரியவங்க நமக்கே அந்தப் பொறுமை வராது.

இன்னொன்னு, சண்டை வேற கொடுமை வேறன்னு தெளிவா பிரிச்சு சொல்லுதாங்க. சம பலம் உள்ள ரெண்டு பேருக்கு நடுவுல வாறது சண்டை, அத பேசித் தீக்கலாம். ஒருத்தன நாலு பேரு சேந்து தெனமும் சீண்டுனா அது கொடுமை, அங்க ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வச்சு சமாதானம் பேசுறது அடி வாங்குனவனுக்கு இன்னொரு அடி. அதுக்கு பெரியவங்ககிட்ட சொல்லணும், அரசு ஸ்கூல்னா பிள்ளைங்க புகார் போடுறதுக்கு வச்சிருக்குற மாணவர் மனசு பெட்டில எழுதிப் போடலாம், பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417 இல்லன்னா குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணலாம். நம்பர எல்லா பிள்ளைங்களுக்கும் மனப்பாடமா சொல்ல வச்சாங்க.

ஆனா சாதிப் பேச்சு வந்தப்ப டீச்சர் தயங்கிட்டாங்க. ஆறாவது வாரம் ஒரு பையன் "அவன் எங்க ஆளு இல்ல"ன்னு சொன்னான், சட்டுனு வேற பேச்சுக்கு மாறிட்டாங்க. முடிஞ்ச பிறகு நான் போய்ச் சொன்னேன், மிஸ் இங்க தெனமும் நடக்குற சண்டை அதுதான, அத விட்டுட்டு காம்பசப் பத்தி பேசி என்ன ஆவப்போவுதுன்னு. அவங்க மறுக்கல, பெத்தவங்க யாராவது கோவிச்சு பிள்ளைய நிறுத்திருவாங்களோன்னு பயமா இருக்குன்னு நேராச் சொன்னாங்க. ஸ்கூல்ல சாதிச் சண்டைய தடுக்க என்ன செய்யலாம்னு அரசு போட்ட நீதியரசர் சந்துரு கமிட்டி 2024 ஜூன்ல குடுத்த அறிக்கைல, சாதிய காட்டுற கலர் கயிறு கையில கட்டக்கூடாதுன்னு சொன்னதோட, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வாரம் ஒரு பீரியடு அறநெறி வகுப்பு வேணும்னும் சொல்லிருக்கு. கையில இருக்குற கயித்த அவுத்தாச்சுன்னா பத்தாது, உள்ள இருக்குறத பேசுறதுக்கு ஒரு இடம் வேணும், அந்த எட்டு வாரத்துல ரெண்டு வாரம் இதுக்கே ஒதுக்கணும்னு சொல்லிட்டு வந்தேன்.

சும்மா நல்ல புத்தி சொல்லுற கிளாஸ்னு நெனைக்காதீங்க. 2011-ல வந்த ஒரு பெரிய ஆய்வு, இந்த மாதிரி 213 திட்டங்கள்ல படிச்ச 2,70,000-க்கு மேல பிள்ளைங்கள சேத்துப் பாத்து, நடத்தை மட்டுமில்ல படிப்பும் நல்லா வருதுன்னு காட்டிருக்கு. அதுவும் ஸ்கூலுக்குள்ள நடந்த திட்டங்கள். இங்க 1,200 ரூபா குடுக்க முடிஞ்ச பிள்ளைங்க மட்டும் மாடிப்படி ஏறி வருது, என் மகன்கூட சண்டை போட்ட பையன் வரல, அவங்க வீட்ல முடியாது. அது எனக்கு மனசுல கெடந்து உறுத்துது.

அஞ்சாவது வாரம் பெத்தவங்களுக்கு. பதினாறு அம்மா வந்தோம், ரெண்டே ரெண்டு அப்பா. "நேத்து உங்க வீட்ல நடந்த சண்டை எப்படி முடிஞ்சுது"ன்னு கேட்டாங்க. ரொம்ப நேரம் யாரும் வாயத் தொறக்கல.

போன மாசம் மகன் சைக்கிள் ஸ்டாண்டுல அந்த ஃப்ரெண்டுகிட்டயே போய் "அந்த காம்பஸ் எங்க தாத்தா வாங்கித் தந்ததுல, அதாம்ல எனக்கு தாங்கல"ன்னு சொல்லிருக்கான். அந்தப் பையன் "எனக்குத் தெரியாதுலே"ன்னானாம். இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா டியூஷன் போறாங்க. தாத்தா வாங்கித் தந்ததுங்கிறது ஜனவரில எனக்கே தெரியாது, நானும் கேக்கலியே.

அனுப்புறதா இருந்தா ஆறாம் வகுப்புக்கு மேல அனுப்புங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஜாஸ்தி. மாடில ஃபேன் ஒன்னுதான், வெயில் காலத்துல தண்ணி பாட்டில் குடுத்து விடுங்க. அடுத்த பேட்ச்ல அந்த ஃப்ரெண்டுக்கு நான் பணம் கட்டுறேன்னு கேட்டேன், டீச்சர் அவனுக்கு ஃபீஸே வேண்டாம்னுட்டாங்க. அஞ்சாவது வாரத்துக்கு இந்தத் தடவ மகனோட அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்.