ஐந்து விசிறிகளின் வெளிச்சமும் ஆறாவதன் இருட்டும்: மூன்றாண்டு ஏஆர்ஜிபி அனுபவம்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் நானே பாகங்களை வாங்கிக் கோத்த கணினி இன்றும் என் மேசையின் இடப்பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் மூன்று, மேலே இரண்டு, பின்பக்கம் ஒன்று என ஆறு 120 மில்லிமீட்டர் விசிறிகள். ஒவ்வொன்றிலும் 12 ஏஆர்ஜிபி எல்இடிகள், அதாவது ஒவ்வொன்றையும் தனித்தனி நிறத்தில் எரியவிடக்கூடிய சின்ன விளக்குகள். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் இந்த மூன்றாண்டுகளில் எனக்கு ஒரு தொல்லையும் தந்ததில்லை. நான் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிய தடவைகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த விளக்குகளுக்காகத்தான். அழகுக்காக வாங்கிய ஒரு பொருள் இவ்வளவு வேலை வாங்கும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

முதல் இழப்பு முதல் நாளிலேயே நேர்ந்தது. எல்லாப் பாகங்களும் இணையும் மதர்போர்டில் விளக்குக்கென இரண்டு வகை ஹெடர்கள், அதாவது கேபிளைச் செருகும் பின் வரிசைகள், இருக்கும். பழைய ஆர்ஜிபி வகை நான்கு பின்களும் 12 வோல்ட்டும் கொண்டது. எல்லா எல்இடிகளும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் காட்டும். ஏஆர்ஜிபி வகை 5 வோல்ட். நான்கு பின் இடத்தில் ஒன்று காலியாக விடப்பட்டு மூன்றே பின்கள் இருக்கும். அந்தக் காலி இடம்தான் தவறாகச் செருகாமல் தடுக்கும் காவல். நான் பயன்படுத்திய மலிவான இணைப்புக் கேபிளில் அந்தக் காலி இடத்துக்கு நேரான துளை அடைக்கப்பட்டிருக்கவில்லை. பின்பக்க விசிறியின் 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் ஹெடரில் செருகிப் பவர் பட்டனை அழுத்தினேன். ஒரு முறை பளிச்சென்று வெள்ளையாக மின்னி, அணைந்தது. அத்துடன் அந்த விளக்கின் கதை முடிந்தது. ஆனால் விசிறி நிற்கவில்லை. மோட்டாருக்கு ஒரு கேபிள், விளக்குக்கு வேறொரு கேபிள் என இரண்டும் ஒரே சட்டத்துக்குள் தனித்தனியாக வாழ்கின்றன என்பதை அன்று கண்ணால் கண்டும், அதன் முழுப் பொருள் எனக்கு விளங்க இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

மீதமிருந்த ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே ஹெடரில் கொடுத்திருந்தேன். நீலம், பச்சை, ஓடும் வானவில் எல்லாம் அருமையாக இருந்தன. முழு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் கடைசி இரண்டு விசிறிகள் மஞ்சளடித்து நடுங்கின. நிறத்தை மாற்றும் மென்பொருளின் கோளாறு என்று நினைத்து அந்த மென்பொருளை இரண்டு முறை நீக்கி மறுபடி நிறுவினேன். உண்மையில் அது எளிய கூட்டல் பெருக்கல் கணக்கு. இவ்வகை எல்இடி ஒன்று முழு வெள்ளையில் அதிகபட்சமாக 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அறுபது எல்இடிகளுக்கு 3.6 ஆம்பியர் ஆகிறது. என் மதர்போர்டின் கையேடோ ஒரு ஹெடருக்கு 3 ஆம்பியர்தான் வரம்பு என்கிறது. மேலும், நீண்ட மெல்லிய கம்பிகளில் மின்னழுத்தம் போகப் போகக் குறையும். குறையும்போது அதிக அழுத்தம் கேட்கும் நீலம் முதலில் தளர்ந்துவிடுவதால் வெள்ளை மஞ்சளாகத் தெரியும். வெள்ளையில் மட்டும் தலைகாட்டும் கோளாறு என்றால் மென்பொருளைத் தொடாமல் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அதற்குத் தீர்வாக, பவர் சப்ளையின் சாட்டா கேபிளில் மின்சாரமும் யுஎஸ்பி ஹெடரில் கட்டளையும் பெற்று, பல விளக்குகளை இயக்கும் ஒரு கன்ட்ரோலர் ஹப்பைச் சில மாதங்கள் பயன்படுத்தினேன். நடுக்கம் நின்றது. ஆனால் கணினி ஸ்லீப்பிலிருந்து எழும்போதெல்லாம் நான் வைத்த நிறத்தை மறந்து வானவில்லுக்குத் திரும்பிவிடும். எனக்குப் பிடிக்கவில்லை, கழற்றிவிட்டேன். மதர்போர்டில் இரண்டாவது ஏஆர்ஜிபி ஹெடர் ஒன்று முதலிலிருந்தே சும்மா கிடந்தது. முன்பக்க மூன்றை ஒன்றிலும் மேலிருக்கும் இரண்டை மற்றொன்றிலும் பிரித்துக் கொடுத்தேன்: 2.16 ஆம்பியர், 1.44 ஆம்பியர். அதற்குப் பிறகு வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. ஹப்பால் கிடைத்த ஒரே பாடம், வானவில்லையும் இருட்டையும் பிரித்துப் பார்ப்பது. வானவில் ஓடினால் கன்ட்ரோலர் உயிரோடிருக்கிறது, அதனிடம் யாரும் பேசவில்லை. அது மென்பொருளின் பக்கம். விளக்கே எரியவில்லை என்றால் பெரும்பாலும் கம்பியின் பக்கம்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே மாதிரித் தோன்றிய இரண்டு கோளாறுகள் ஓராண்டு இடைவெளியில் எனக்கு வந்தன. இரண்டிலும் முன்பக்கத்து மூன்றாவது விசிறிதான் இருண்டது, ஆனால் காரணங்கள் முற்றிலும் வேறு.

அதைச் சொல்வதற்கு முன் இந்த விளக்குகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று சொல்லிவிட வேண்டும். மூன்று கம்பிகளில் ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், ஒன்று டேட்டா. நிறக் கட்டளைகள் எல்லாம் அந்த ஒற்றை டேட்டா கம்பியில் வரிசையாக வரும். முதல் எல்இடி தனக்குரிய 24 பிட் நிறத் தகவலை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும், அதுவும் அப்படியே. கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் போலத்தான். நடுவில் ஒருவர் கைவிட்டால் அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே இருட்டு தொடங்கும் இடத்தில் இருக்கும் எல்இடி குற்றவாளியாக இருக்கலாம். அதற்கு முன்னால் நன்றாக எரிந்துகொண்டிருக்கும் எல்இடி தன் செங்கல்லைக் கைமாற்றாத குற்றவாளியாகவும் இருக்கலாம்.

முதல் தடவை, மதர்போர்டு மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள், மூன்றாவது விசிறி பாதி வட்டம் மட்டும் எரிந்தது. விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன்: சரியாக ஆறு. முதல் இரண்டு விசிறிகளில் 24, இதில் 6, ஆக 30. இவ்வளவு முழுமையான எண்ணில் ஒரு கம்பி பழுதாவதில்லை. மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் அந்த ஹெடருக்குரிய எல்இடி எண்ணிக்கை 30 என்று மாறியிருந்தது. 36 என்று திருத்தியதும் வட்டம் நிறைந்தது. இரண்டு நிமிட வேலை.

அந்த வெற்றியின் மிதப்பில், அடுத்த ஆண்டு அதே விசிறி முழுவதுமாக இருண்டபோது நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனேன். எண்ணிக்கை 36 ஆகவே இருந்தது. அதை 40, 50, 60 என்று ஏற்றிப் பார்த்ததெல்லாம் என் பிடிவாதமே தவிர வேறில்லை. விசிறி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியது வாங்கக் கிளம்பும் முன், ஒரு பேச்சுக்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிக் கோத்தேன். மூன்றும் எரிந்தன. செத்துவிட்டது என்று நான் எழுதி வைத்த விசிறி நடுவில் நின்று எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் குறை, இதுவரை ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த இரண்டாவது விசிறியின் வெளிச்செல்லும் முனையில்தான் இருக்க வேண்டும். அந்த கனெக்டரைக் கண்ணுக்கருகே பிடித்துக் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். மூன்று உலோகப் பின்களில் ஓரமாக இருந்த இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க, நடுவிலிருந்த டேட்டா பின் மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே தள்ளிப் போயிருந்தது. கேபிளை அழகாக இழுத்துக் கட்ட வேண்டும் என்று டையை இறுக்கியபோது போனதாக இருக்கும். தையல் ஊசியால் நெம்பி வெளியே கொண்டுவந்தேன், ஆனால் அதை மறுபடி நம்பவில்லை. இரண்டாவது விசிறியைக் கடைசியிலேயே விட்டுவிட்டேன். வரிசையின் கடைசி ஆள் யாருக்கும் எதையும் கைமாற்ற வேண்டியதில்லை அல்லவா.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் நியாயம் தேடிப் பயனில்லை. மதர்போர்டு விளக்குக்கு ஒன்று, ரேம் விளக்குக்கு ஒன்று என நிறுவினால் இரண்டும் ஒரே விளக்குக்கு உரிமை கொண்டாடும். நான்கு ரேம்களில் ஒன்று மட்டும் பழைய நிறத்தில் உறைந்து நிற்கும். 2023 இறுதியில் விண்டோஸ் 11 தன் பங்குக்கு, விளக்குகளைத் தானே கட்டுப்படுத்தும் டைனமிக் லைட்டிங் என்ற வசதியையும் கொண்டுவந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் அதை ஆதரிக்கும் என் கீபோர்டு திடீரென்று நீலமாகி, நான் என்ன மாற்றினாலும் கேட்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. பெர்சனலைசேஷன் பக்கத்தில் அதை அணைத்தேன். பிறகு எல்லா நிறுவன மென்பொருளையும் நீக்கிவிட்டு, திறந்த மூல மென்பொருளான ஓப்பன்ஆர்ஜிபி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ரேம், மதர்போர்டு விளக்குகளோடு, மதர்போர்டின் உட்பாகங்கள் பேசிக்கொள்ளும் எஸ்எம்பஸ் தடம் வழியாகப் பேசுவதில் அபாயம் உண்டு என்பதால், ஆதரவுப் பட்டியலில் உங்கள் மதர்போர்டு மாடல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைத் தொடுவது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வெட்கப்பட வைத்த கோளாறு விளக்கில் வந்ததே அல்ல. கடந்த ஆண்டு கோடையில் வீடியோ ரெண்டர் செய்யும்போது பிராசசர் வெப்பம் வழக்கமான 74 டிகிரியிலிருந்து 83 வரை ஏறத் தொடங்கியது. சென்னை மே மாதம், அறையே கொதிக்கிறது என்று விட்டுவிட்டேன். விசிறிகளோ ஆறும் இருக்கின்றன, ஐந்து ஜெகஜ்ஜோதியாக எரிகின்றன, மென்பொருளில் வேகமும் காட்டுகிறது. ஜூன் மாதமும் வெப்பம் இறங்காததால் ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து ஒவ்வொரு விசிறியாகப் பிடித்துப் பார்த்தேன். மேலே முன்பக்கமாக இருந்த விசிறியின் மீது தாள் அசையாமல் கிடந்தது. அது சுற்றவே இல்லை. விளக்குக் கேபிளை இரண்டாவது ஹெடருக்கு மாற்றியபோது நான் தளர்வாக விட்ட ஒரு வளையம் மெல்லச் சரிந்து இறக்கையில் மாட்டியிருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால், சில நொடிகளுக்கு ஒருமுறை சுற்ற முயன்று தோற்கும் சின்ன டிக் சத்தம் மட்டும் கேட்டது. சட்டத்தில் பதித்த எல்இடிகள் அசையாத இறக்கைகளின் மீதும் அதே ஒளியைத்தான் பாய்ச்சுகின்றன. பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

மென்பொருள் காட்டிய வேகம் பொய்யும் அல்ல. மோட்டார்களை எல்லாம், விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே பிடபிள்யூஎம் ஹப்பில் கொடுத்திருந்தேன். இத்தகைய ஹப்பில் முதல் போர்ட்டில் இருக்கும் விசிறியின் வேகத் தகவல் மட்டும்தான் மதர்போர்டுக்குப் போகும். மற்றவற்றின் நிலையை அது கேட்பதே இல்லை. எனக்குக் காட்டிக்கொண்டிருந்த நிமிடத்துக்கு 900 சொச்சம் சுற்று, ஓடிக்கொண்டிருந்த முதல் விசிறியுடையது. அன்றே ஹப்பைக் கழற்றி, மேலிருப்பவை இரண்டுக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனி ஹெடர் கொடுத்தேன். ஒரு விசிறி ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் வரை தரும் என்பதால், முன்பக்க மூன்றும் ஒரே ஹெடரை, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள்களில் பகிர்ந்துகொள்வதில் சிக்கல் இல்லை. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், வேகம் குறைந்தால் எச்சரிக்கும் வசதியையும் இயக்கிவிட்டேன். ரெண்டர் வெப்பம் 75க்குத் திரும்பியது.

இப்போது ஐந்து விசிறிகளும் மங்கலான ஒரே ஆரஞ்சு நிறத்தில், முப்பது சதவீத வெளிச்சத்தில் எரிகின்றன. முதல் நாள் விளக்கை இழந்த பின்பக்க விசிறியை இதுவரை மாற்றவில்லை. கண்ணைக் கூசும் ஒளி இல்லாததால், சுற்றுகிறதா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் தெரிவது அது ஒன்றில்தான்.