ஏழு ஆண்டுகள் தியானம்: ஒரு மருந்துக் கடைக்காரரின் அனுபவம்

விழுப்புரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். 2018 ஜனவரியில் சென்னை திருநீர்மலை அருகே உள்ள தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய்வந்தேன். அன்று முதல் வீட்டிலும் தியானத்தில் உட்கார்ந்துவருகிறேன். முகாமின் பத்து நாட்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். வீடு திரும்பிய பிறகு, கடையும் கடனும் காய்ச்சலும் சூழ்ந்த நடுவில் இதைத் தொடர்ந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் நான் சொல்ல நினைக்கிறேன்.

போனது நிம்மதி தேடித்தான். கடையில் காலை பதினோரு மணிக்கு ஒருவர் பேசிய பேச்சு இரவு பதினோரு மணிக்கும் என்னுடன் படுக்கையில் கிடக்கும். அவருக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலை மனத்துக்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்ப்பேன். விடிந்தால் தலை கனக்கும். கடைக்குள்ளேயே தூக்க மாத்திரை இருந்தது. எடுத்துவிடுவேனோ என்று பயம் வந்த வாரத்தில்தான் முகாமுக்கு விண்ணப்பித்தேன்.

அங்கே மாலை உரைகளில் கேட்ட ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த முறையை 1969இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா ஒரு வியாபாரி. கடுமையான ஒற்றைத் தலைவலிக்காக மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். ஊசிக்கு அடிமையாகிவிடுவாரோ என்ற கவலையில் 1955இல் தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கினிடம் போனார். ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயராக இருந்தவர். தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்டு வராதீர்கள் என்று முதலில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மருந்து விற்கும் எனக்கு அது உறைத்தது. நானும் அப்படித்தானே போயிருந்தேன்.

முகாமின் ஒழுங்குமுறை பலருக்குத் தெரிந்ததே. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், படிக்கவோ எழுதவோ கூடாது, இரவுச் சாப்பாடு இல்லை. முதல் மூன்று நாட்கள் மூக்கின் நுனியில் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் பிற்பகலில்தான் விபாசனா தொடங்குகிறது. தலை உச்சியிலிருந்து கால் விரல் வரை உடம்பின் உணர்ச்சிகளை வரிசையாகக் கவனித்துக்கொண்டு போக வேண்டும், எதையும் விரும்பவும் கூடாது, வெறுக்கவும் கூடாது. அதன் பிறகு தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்கார வேண்டும்.

ஐந்தாம் நாள் அப்படி உட்கார்ந்தபோது முப்பது நிமிடம் கடந்திருக்கும். வலது முழங்காலுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல இருந்தது. முதுகு வியர்த்தது. இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் பல்லைக் கடிப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றி, வலி இருக்கும் இடத்தையே உற்றுக் கவனித்தேன். ஆணி என்று நான் நினைத்தது ஒரே பொருளாக இல்லை. ஒரு சூடு, ஒரு துடிப்பு, ஒரு இழுப்பு, நடுவில் ஒன்றுமே இல்லாத சின்னச் சின்ன இடைவெளிகள். வலி போகவில்லை. ஆனால் 'ஐயோ' என்ற சத்தம் மட்டும் நின்றுவிட்டது. வலி வேறு, 'ஐயோ' வேறு என்று நாற்பத்தோரு வயதில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன்.

வீடு திரும்பிய பிறகுதான் கஷ்டம். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலண்டரில் பென்சிலால் குறித்துவைத்தேன். முதல் ஆண்டு 211 நாட்கள் உட்கார்ந்திருக்கிறேன், அதிலும் மாலை அமர்வு பாதி நாள் இல்லை. இரவு கடை சாத்தி வந்து உட்கார்ந்தால் தூக்கம்தான் வந்தது. இப்போது காலை ஐந்து மணிக்கு ஐம்பது நிமிடம், மதியம் கூட்டம் குறையும் நேரத்தில் கடையின் பின்னறையில் இருபது நிமிடம். நம் வாழ்க்கைக்குத் தகுந்த நேரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மடித்த ஜமுக்காளமும் ஒரு கெட்டித் தலையணையும் போதும். இதற்கென்று விற்கும் விலை உயர்ந்த மெத்தை எதுவும் வேண்டியதில்லை.

2019 முழுவதும் நான் தவறாகச் செய்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். முகாமின் கடைசி நாட்களில் உடம்பு முழுவதும் மெல்லிய அதிர்வு பரவும் ஓர் இன்பமான அனுபவம் கிடைத்திருந்தது. வீட்டில் தினமும் அதையே தேடி உட்கார்ந்தேன். கிடைத்த நாளில் பூரிப்பு, கிடைக்காத நாளில் எரிச்சல். காலை எரிச்சலோடு கடைக்குப் போய் அங்கே வேலை செய்யும் பையனைத் திட்டியிருக்கிறேன். இதைத்தான் செய்யாதீர்கள் என்று உரையில் எச்சரித்திருந்தார்கள். கேட்டது புரிவதற்கு ஓர் ஆண்டு ஆனது. நீண்ட காலம் உட்காருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தைக் கடந்துதான் வர வேண்டும் போலிருக்கிறது.

பலன் எது என்று கேட்டால், 2022இல் நடந்த ஒன்றைச் சொல்வேன். வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் பாதி வெட்டிய மாத்திரை அட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெட்டிய அட்டையை நாங்கள் திரும்ப வாங்க முடியாது. சொன்னதும் அட்டையை மேஜைமேல் வீசினார். நாலு பேர் நிற்கும்போது என்னைத் திருடன் என்றார். காது மடல் சூடேறுவதும் வயிறு இறுகுவதும் எனக்குத் தெரிந்தது. காலையில் ஜமுக்காளத்தில் பார்க்கும் அதே சூடு, அதே இறுக்கம். இரண்டு மூச்சு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு மூச்சில்தான் அவர் முகத்தையும் பார்த்தேன். மின்விசிறிக்கு நேர்கீழே நின்றும் நெற்றி முழுக்க வியர்வை. விரல்கள் நடுங்கின. அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்று எனக்குத் தெரியும்.

"ஐயா, காலையில் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். மாத்திரை போட்டதாகவும் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீரில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. சர்க்கரை தாழ்ந்தால் கோபமும் வரும் என்று பாடத்தில் படித்தவன்தான் நான். பழைய நானாக இருந்தால் திருடன் என்ற சொல்லுக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பேன், வியர்வை கண்ணில் பட்டிருக்காது.

என் மனைவி சொல்லும் கணக்கு இன்னும் எளிமையானது. "முன்பெல்லாம் கடைக் கோபம் உங்களோடு வீட்டுக்கு வந்து ராத்திரி தங்கும். இப்போது தெருமுனையிலேயே இறங்கிக்கொள்கிறது" என்பாள். மகிழ்ச்சி கூடிவிட்டதா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. துயரத்தின் வால் குட்டையாகிவிட்டது. அந்த இடத்தில், முன்பு கவனிக்காமல் போன காப்பியின் ருசியும் விடிகாலைத் தெருவின் சத்தமும் வந்து உட்கார்ந்துகொண்டன.

இதற்குப் பொருந்தும் ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். 46.9 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலையும்போது மகிழ்ச்சி குறைவாக இருந்தது. இனிமையான நினைவுகளில் அலைந்தபோதும் செய்யும் வேலையில் இருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை.

2022இல் அமெரிக்காவில் வெளிவந்த இன்னோர் ஆய்வு என் தொழிலோடு தொடர்புடையது. பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பிரிவினருக்கு, நான் தினமும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை. மற்றவர்களுக்கு எட்டு வார மனக்கவன (மைண்ட்ஃபுல்னெஸ்) தியானப் பயிற்சி, வீட்டில் தினமும் 45 நிமிடம். இரு பிரிவிலும் பதற்றம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. ஆனால் 2014இல் தியானம் பற்றிய 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல், பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலனையே கண்டது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. என் ஏழு ஆண்டுகளும் அந்த மிதமான அளவோடுதான் ஒத்துப்போகின்றன.

ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன்: தியானம் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவரை மயங்கிய நிலையில் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். மன நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பத்து நாள் மௌனத்துக்குள் போகக் கூடாது. விண்ணப்பத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது, மறைக்காமல் எழுதுங்கள்.

கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தையும் சொல்ல வேண்டும். ஆக்சிமீட்டர் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை, இல்லை என்று சொல்லியே நாள் முடியும். அந்த நாட்களில் உட்கார்ந்தால் அமைதி வரவில்லை, அழுகை வந்தது. அழுகையோடு உட்கார்ந்தேன். மறுநாள் கடை திறக்க முடிந்தது.

முகாமுக்குக் கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் விருப்பப்பட்டால் அடுத்து வருகிறவர்களுக்காக நன்கொடை தரலாம். செலவு என்பது வேலையிலிருந்து விடுபடும் பன்னிரண்டு நாட்கள்தான். வரும் ஜனவரியில் இரண்டாவது முறை போக விண்ணப்பித்திருக்கிறேன். அத்தனை நாளும் கடையில் இருக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அமையவில்லை.