ஃபேர்ஃபாக்ஸா, மாண்ட்கோமரியா?

திறன்மிகு குழந்தையின் பள்ளியை மனத்தில் வைத்து வாஷிங்டன் புறநகரில் வீடு தேடும் பெற்றோர், பொட்டோமாக் ஆற்றின் எந்தக் கரை என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். தென்கரையில், வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), திறன்மிகு மாணவருக்கான முழுநேர ‘நான்காம் நிலை’ வகுப்புகள் 3 முதல் 8ஆம் வகுப்பு வரை நடக்கின்றன. திறனறித் தேர்வின் மதிப்பெண்ணோடு, ஆசிரியரின் மதிப்பீட்டையும், குழந்தை கைப்பட எழுதிய கதை, தானே போட்ட கணக்கு முதலிய மாதிரிகளையும் ஒரு குழு பரிசீலிக்கிறது. தகுதி கிடைத்துவிட்டால் இடத்துக்காகக் குலுக்கல் கிடையாது.

வடகரையில், மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டியில், தொடக்கப் பள்ளி நிலையிலான தனி மையங்கள் 4, 5ஆம் வகுப்புகளுக்கு மட்டுமே உள்ளன. இடங்கள் குறைவு என்பதால் தகுதி பெற்றவர்களிடையே குலுக்கல் நடக்கிறது. பெயர் வராத குழந்தைக்குச் சொந்தப் பள்ளியிலேயே செறிவான பாடம் உண்டு என்றாலும், ஒன்பது வயதுப் பிள்ளையிடம் குலுக்கலை விளக்குவது எளிதல்ல.

எந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி என்று வகுக்கும் எல்லைகளை நம்பி வீடு வாங்குவது இரு கரையிலும் ஆபத்துதான். ஃபேர்ஃபாக்ஸ் பள்ளி வாரியம் 2024இல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லைகளை மறுஆய்வு செய்யும்படி விதியை மாற்றியது; மாண்ட்கோமரியிலோ திறக்கவிருந்த கிரவுன், உட்வர்ட் உயர்நிலைப் பள்ளிகளுக்காக எல்லைகள் ஆய்வுக்கு வந்தன. வீட்டு விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட பள்ளிப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டாம் வகுப்புக் குழந்தை இருந்தால் ஃபேர்ஃபாக்ஸையே தேர்ந்தெடுப்பேன். ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளை என்றால் மாண்ட்கோமரியின் நடுநிலைப் பள்ளிச் சிறப்புத் திட்டங்களையும் பார்த்த பிறகே முடிவெடுப்பேன்.