பாலைவனத்தில் கேம்பர்வேன்: டெத் வேலியா, உலுருவா?

கலிஃபோர்னியாவின் டெத் வேலிக்கு ஒரு டிசம்பரில் போனோம். ஆஸ்திரேலியாவில் பெரும்பாறை ஒன்று நிற்கும் உலுருவுக்கு ஒரு ஜூனில் போனோம். இரண்டுமே பாலைவனத் தேசியப் பூங்காக்கள், இரண்டு முறையும் உள்ளேயே படுத்துத் தூங்கும் வண்டியான கேம்பர்வேன்தான். எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த லீவு என்பதைத்தான்.

சிங்கப்பூரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீண்ட பயணம் போக ஜூன் மாதமும் ஆண்டிறுதியும்தான் வாய்க்கும். டிசம்பரில் டெத் வேலியின் பகல் 18 டிகிரி, இரவு 4 டிகிரியை ஒட்டி இருக்கும். அதே இடத்தில் ஜூலைப் பகல் சராசரியாக 47 டிகிரி. கோடையில் அங்கே வண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதும் நிறுவனங்கள் உண்டு. உலுருவில் இது தலைகீழ். ஜூனில் பகல் 20 டிகிரி, விடியற்காலையில் நல்ல குளிர். டிசம்பரிலோ வெயில் கொளுத்தும். ஆக, பாதி முடிவை நாட்காட்டியே எடுத்துவிடுகிறது.

மீதிப் பாதி வண்டி. டெத் வேலியின் பரப்பு சுமார் 13,700 சதுர கிலோமீட்டர், அதாவது பதினெட்டுச் சிங்கப்பூர். உள்ளேயே தங்க முடிவது அதன் பெரிய வசதி. ஆனால் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் உள்ள இடங்கள் ஃபர்னஸ் கிரீக் முகாமில் 18தான். முன்பதிவு ஆறு மாதம் முன்னால் திறக்கும். டிசம்பர் பயணத்துக்கு ஜூனிலேயே உட்கார வேண்டும். எங்களுக்குக் கிடைக்கவில்லை. இணைப்பு இல்லாத இடத்தில் நின்றோம். தொட்டித் தண்ணீரை அளந்து குளித்தோம். ஜெனரேட்டர் ஓட்டக் குறிப்பிட்ட நேரம்தான் அனுமதி என்பதால், இரவுக் குளிரில் மாமியார் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

நீளமும் இடிக்கும். பல நிறப் பாறைகளுக்கு நடுவே வளைந்து போகும் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் சாலையில் 25 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பள்ளத்தாக்கை மேலிருந்து காட்டும் டான்டேஸ் வியூ உச்சிக்கும் அதே தடை. எங்கள் வண்டி 28 அடி. அந்த இரண்டையும் பார்க்காமல் திரும்பியது எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். போகிறவர்கள் தயவுசெய்து சின்ன வண்டியாக எடுங்கள். கூடவே, அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் பறந்து இறங்கிய மறுநாளே பழக்கமில்லாத பக்கத்தில் பெரிய வண்டியை ஓட்டுவது கை நடுங்க வைக்கும் வேலை.

உலுருவில் இந்தச் சிக்கல் இல்லை. நம் ஊர் மாதிரியே இடப்பக்கம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், கங்காருவும் மாடும் குறுக்கே வரும். பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லாததால், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள யூலாரா என்ற ஊரில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். மின்இணைப்பு இருந்ததால் மாமியார் நிம்மதியாகத் தூங்கினார். விமான நிலையச் சோதனை மட்டும் கடுமை. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் வாங்கிய இட்லிப்பொடி, மசாலா எல்லாவற்றையும் படிவத்தில் காட்டிவிடுங்கள்.

பார்க்க எது அதிகம் என்றால் டெத் வேலிதான். கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உள்ள பேட்வாட்டர் உப்புத்தரை, மணல்மேடு, வண்ணப் பாறை என்று ஐந்து நாளும் போதாது. உலுருவுக்கு மூன்று நாள் போதும். பாறையைச் சுற்றி நடக்கப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேலே ஏறுவதை 2019 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். அது அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித இடம், அந்த முடிவு எனக்கு நியாயமாகவே படுகிறது.

அப்புறம், வானம். சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சன்னலில் நாலு நட்சத்திரம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு இடமும் வரம்தான். டிசம்பர் டெத் வேலியில் மார்கழித் திருவாதிரைக்கு உரிய செந்நிற நட்சத்திரத்தை மகளுக்குக் காட்டினேன். ஆனால் பால்வெளியின் அடர்ந்த நடுப்பகுதி அந்த மாதத்தில் அங்கே தெரியாது. ஜூன் உலுருவில் நள்ளிரவை ஒட்டி அது நேர் உச்சிக்கே வரும். அங்கே கேட்டை நட்சத்திரத்தைத் தலைக்கு மேலே பார்த்த மாமியார், குளிரையும் மறந்து வண்டிக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றார். பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால், என் ஓட்டு ஜூனுக்கும் உலுருவுக்கும்தான்.