பழைய 5 நட்சத்திரக் காரா, புதிய 3 நட்சத்திரக் காரா?

ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும் இத்தகைய இரு சிறிய கார்களுக்கிடையே தடுமாறுவோர், பாதுகாப்புச் சோதனையில் கிடைத்த நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் சோதனை நடந்த ஆண்டைப் பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டின் பொருள்
பழையது: எடுத்துக்காட்டாக, ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் அமைப்பான யூரோ என்கேப் 2005-இல் பெரியவர்களின் பாதுகாப்புக்காக 5 நட்சத்திரம் வழங்கிய ஃபியட் புன்டோ, பெருமளவு அதே வடிவமைப்புடன் 2017-இல் மீண்டும் சோதிக்கப்பட்டபோது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. கார் பலவீனமடையவில்லை, அளவுகோல்தான் உயர்ந்தது.
புதியது: 2009-இல் வந்த முறையில் பெரியவர்கள், குழந்தைகள், பாதசாரிகள், பாதுகாப்பு உதவிக் கருவிகள் ஆகிய நான்கும் சேர்த்தே மதிப்பிடப்பட்டதால், உறுதியான உடற்கூடு இருந்தும் தானியங்கி அவசரகால பிரேக் இல்லாத கார் நட்சத்திரங்களை இழக்கக்கூடும். ஆகவே மொத்த எண்ணிக்கையைவிட, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே தரப்பட்ட விழுக்காடுகளையே நான் பெரிதும் நம்புவேன்.

விபத்தைத் தவிர்க்கும் திறன்
பழையது: கார் சறுக்கும்போது அதை நிலைப்படுத்தும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு சில வகைகளில் மட்டுமே இருக்கும்.
புதியது: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம்.

முதுமை
பழையது: அடித்தளத்துத் துருவும், முந்தைய மோதலுக்குப் பின் சரியாகச் செய்யப்படாத பற்றவைப்பும் உடற்கூட்டின் வலுவைக் குறைத்துவிடும், புதிதாக இருந்த காருக்குத் தரப்பட்ட நட்சத்திரம் இவற்றைக் கணக்கில் கொள்ளாது.
புதியது: இந்த ஐயம் குறைவு.

குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்வோருக்குப் புதியதே ஏற்றது. பழையதை வாங்குவதானால், அது நகருக்குள் குறைந்த வேகத்தில் ஓட்டுவோருக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் துருவைப் பரிசோதித்து, காற்றுப்பைக் குறைபாட்டைச் சரிசெய்யக் காரைத் தயாரிப்பாளர் திரும்பப் பெறும் அறிவிப்பு நிலுவையில் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே வாங்க வேண்டும்.