மூன்று பந்துக் கருவி: இளைப்புக்காரருக்கு வாங்கலாமா?

குழாயில் மூச்சை இழுத்தால் பந்து மேலேறும், நுரையீரலுக்குப் பயிற்சி தரும் என்று விற்கிற மூன்று பந்துக் கருவி, கொரோனா காலத்தில்தான் திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளுக்குள் வந்தது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி பக்கத்து சர்ஜிகல் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பொருளில் குறையில்லை. அது யாருக்கு என்பதில்தான் குழப்பம்.

ஆபரேஷன் முடிந்தவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போகும். அதை விரிக்க, ஆழமாக உள்ளிழுக்கப் பழக்குவதே இதன் வேலை. பீடியாலோ விறகடுப்புப் புகையாலோ வருஷக்கணக்கில் வந்த இளைப்பு, டாக்டர்கள் சிஓபிடி என்பது, வேறு கணக்கு. அங்கே காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரும்பாடு. குழாய்கள் ஒடுங்கி, பழைய காற்று தேங்கி, புதுக் காற்றுக்கு இடமிருக்காது. இழுக்க மட்டும் பழக்கும் கருவியால் அவருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் முறையாகவாவது பயன்படுத்தலாம். நிறையப் பேர் இதில் ஊதுகிறார்கள். ஊதினால் பந்து ஏறாது; இழுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, கருவியைச் சாய்க்காமல் பிடித்து, முழுக்க மூச்சை விட்டபின் உதட்டால் குழாயை இறுகக் கவ்வி மெதுவாக இழுக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் பந்து லேசாக ஏறி ஏமாற்றும். முதல் பந்து 2, 3 விநாடி மேலே நின்றால் போதும். 600, 900, 1200 என்று போட்டிருப்பது விநாடிக்கு எத்தனை மில்லி காற்று ஓடுகிறது என்பதற்கு. நுரையீரல் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கல்ல. வெடுக்கென்று இழுத்துவிட்டு "மூணு பந்தும் ஏறிட்டு" என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. ஐந்தாறு தடவைக்குமேல் தொடர்ந்து செய்தால் தலை சுற்றலாம். நுரையீரலில் காற்றுப்பை வீக்கமோ, முன்பு நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து அது சுருங்கிய வரலாறோ உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வாய்க்குழாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தலாம். கொதிநீர் பட்டால் பிளாஸ்டிக் கோணிவிடும். உள்ளே ஈரம் நின்றால் பந்து ஒட்டிக்கொள்ளும். குழாய் செருகும் இடம் தளர்ந்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் பந்து அசையாது. ஒரு கருவி ஒருவருக்குத்தான். தொற்றுக் காலத்தில் பல குடித்தனம் இருக்கும் வளவு முழுக்கச் சுற்றிவரும் பொருளல்ல இது.

இளைப்புக்காரருக்கு இதைவிடப் பலன் தருபவை காசில்லாதவை. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, கருப்பட்டிக் காப்பியை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடுவது முதலாவது. உதடு குவிந்திருக்கையில் குழாய்களுக்குள் லேசான அழுத்தம் நிற்பதால் அவை சீக்கிரம் மூடிக்கொள்வதில்லை. மாடிப்படி ஏறும்போது விடுகிற மூச்சோடு காலைத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் திண்ணை விளிம்பில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றலாம். பக்கத்தில் இருப்பவர் பனையோலை விசிறியால் முகத்துக்கு வீசினால் திணறல் உணர்வு குறையும். கன்னத்தில் குளிர்காற்று படுவதுதான் காரணம். வீட்டுக்குள்ளேயே தினமும் நடக்க வேண்டும். அடங்கிக் கிடந்தால் தொடைச் சதை கரையும், அடுத்த தடவை பத்தடிக்கே மூச்சு வாங்கும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தட்டை நோயாளி படுக்கும் அறைக்கு வெளியே வைப்பது நல்லது.

இவை எதுவும் மருந்துக்கு மாற்றல்ல. டாக்டர் கொடுத்த இன்ஹேலரைத் தொற்றுக்குப் பயந்து நிறுத்துவது இருக்கும் ஆபத்தைக் கூட்டும்.

கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்கலாம் என்றால், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, விரலைச் சூடாக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். நகப்பூச்சும் கரும் மருதாணியும் கணக்கைக் கெடுக்கும். கறுத்த தோலில் சில சமயம் உள்ளதைவிடக் கூட்டியும் காட்டும். நமக்கெல்லாம் இது முக்கியம். கொரோனாவில் எல்லாருக்கும் சொன்ன 94 என்ற எண் இளைப்புக்காரருக்குப் பொருந்தாமல் போகலாம். நல்ல நாளிலேயே 90, 91 இருப்பவர் உண்டு. எனவே நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் பார்த்துத் தினசரிக் காலண்டரில் எழுதி வைக்க வேண்டும். அதிலிருந்து 3, 4 குறைந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலமாகி மயக்கத் தூக்கம் வந்தாலோ உடனே 108. ஆக்சிஜன் கொடுப்பவரிடம் "இவருக்கு சிஓபிடி" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவர்களுக்கு ஆக்சிமீட்டர் எண்ணை 88 முதல் 92 வரை வைப்பதுதான் வழக்கம். அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி ஆள் நினைவு மங்கி உறங்கிப்போகலாம்.