வறண்ட கண்களுக்கு ஆறு வருடமாக விட்டுவரும் துளிமருந்துகள்

வேலணையில் இருந்து யாழ்ப்பாண நகரத்து அச்சகம் ஒன்றுக்கு நாளாந்தம் மோட்டார் சைக்கிளில் போய்வருபவன் நான். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைத் தாம்போதியைக் கடப்பதற்குள் காற்றும் உப்பும் சேர்ந்து கண்ணை அறுக்க, நீர் கன்னத்தால் வழிந்து காதடி வரைக்கும் ஓடிவிடும். அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் குளிரூட்டிய அறையில் ஒன்பது மணித்தியாலம் பக்க வடிவமைப்பு. இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கான நினைவுப் புத்தகம், அதாவது கல்வெட்டு ஒன்று, அவசரமாக வந்துவிட்டால் அது நள்ளிரவையும் தாண்டும். 2019 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இருந்து பின்னேரங்களில் கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல அரிக்கத் தொடங்கியது. எழுத்துப்பிழை பார்க்கும்போது ணகரமும் னகரமும் கலங்கித் தெரிந்து, இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிய பிறகுதான் தெளிந்தன.

நீர் இவ்வளவு வடிகிற கண்ணை வறண்ட கண் என்று எவரும் நினைக்கமாட்டார்கள், நானும் நினைக்கவில்லை. கூட வேலை செய்த அண்ணை ஒருவர் தன் லாச்சியில் இருந்து எடுத்துத் தந்த சிறிய போத்தலில்தான் என் அனுபவம் ஆரம்பமாகிறது. விட்டவுடன் கண் முழுவதும் பச்சைக் கற்பூரம் வைத்ததுபோலக் குளிர்ந்தது. பத்து நிமிடத்தில் சிவப்பு மறைந்து வெள்ளை விழி பளிச்சென்று ஆகியது. அடுத்த கிழமையே எனக்கென ஒரு போத்தல் வாங்கிக்கொண்டேன். மூன்று மாதத்தில் அது இல்லாமல் காலையில் முகம் கழுவவே முடியாத நிலைக்கு வந்துவிட்டேன், ஏனென்றால் மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னர் இருந்ததைவிடக் கூடுதலாகக் கண் சிவந்தது.

காரணத்தைப் பின்னர்தான் அறிந்தேன். அப்போத்தலில் இருந்தது நாபசொலின் என்னும் மருந்து. அது கண்ணின் மேற்பரப்பில் உள்ள குருதிக்கலன்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கிறதே தவிர, ஈரத்தைக் கூட்டுவதில்லை. தொடர்ந்து பாவித்துவிட்டு நிறுத்தினால், சுருங்கிக் கிடந்த கலன்கள் முன்னரிலும் விரிந்து கண் மீண்டும் சிவக்கும். குளிர்ச்சியோ அதில் கலந்திருந்த மெந்தோலின் வேலை. ஆறு வருடத்தில் நான் கண்ணில் விட்ட மருந்துகளில் மிகச் சுகமாக இருந்தது அதுதான், மிகக் கூடுதலாகக் கெடுத்ததும் அதுதான். எனவே "விட்டவுடன் குளிருமா" என்று கேட்டு மருந்து வாங்குபவர்களைக் கண்டால் இப்போது எனக்குச் சற்றுக் கோபமும் வருகிறது.

கண் வைத்திய நிபுணரிடம் போனபோது அவர் முதலில் மருந்து எதையும் எழுதவில்லை. கீழிமைக்குள் சிறு தாள் கீற்றொன்றைக் கொளுவி ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். பிறகு மஞ்சட் சாயம் தொட்டு, நீல ஒளியில் கண்ணைத் திறந்தபடி சிமிட்டாமல் இருக்கச் சொல்லி எண்ணினார். தாளில் ஈரம் ஓரளவு ஊறியிருந்தது. ஆனால் கண்ணீர்ப் படலம் பத்து விநாடியாவது உடையாமல் நிற்க வேண்டிய இடத்தில், எனக்கு நாலாவது விநாடியிலேயே உடைந்தது. "தம்பி, உங்களுக்குத் தண்ணி குறைவில்லை, எண்ணெய்தான் குறைவு" என்றார். இமை விளிம்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் சுரக்கும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய மூடியாகப் பரவி அது ஆவியாகாமல் தடுக்கிறது. அந்தச் சுரப்பிகள் அடைபட்டால் கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடும், உலர்ந்த கண் உறுத்தியதும் மேலும் நீர் பெருகி வழியும். தாம்போதியில் என் கன்னத்தில் ஓடியது அந்த நீர்தான். கணினித் திரையும் இதற்குத் துணைபோகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை சிமிட்டும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதியளவுகூடச் சிமிட்டுவதில்லை.

செயற்கைக் கண்ணீர் என்று சொல்லப்படும் துளிமருந்துகளின் கணக்கு அதன் பிறகுதான் தொடங்கியது. முதலாவதாகப் பாவித்தது காபொக்சிமீதைல் செலுலோஸ் என்னும் ஈரமூட்டும் பொருளை 0.5 சதவீதம் கொண்ட ரிப்ரெஷ் ரியர்ஸ். குளிர்ச்சியும் எரிவும் இல்லாமல் வெறும் தண்ணீர் விட்டதுபோல இருந்ததால், முதல் இரண்டு கிழமையும் காசு வீண் என்றே எண்ணினேன். மூன்றாவது கிழமையில் ஒருநாள் பின்னேரம் ஐந்து மணிக்குக் கண்ணைக் கசக்காமல் எழுந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பிறகு, அது கிடைக்காத ஒரு மாதத்தில், மலிவாகக் கிடைத்த, ஹைப்ரோமெலோஸ் என்னும் வேறொரு ஈரமூட்டும் பொருள் கொண்ட போத்தலுக்கு மாறினேன். அதை மணித்தியாலத்துக்கு ஒருமுறை விடவேண்டியிருந்தது, விட விடக் கண் எரியவும் தொடங்கியது.

எரிவுக்குக் காரணம் ஹைப்ரோமெலோஸ் அன்று. பெட்டியின் பக்கவாட்டில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த பென்சல்கோனியம் குளோரைட்டு என்னும் பதனப்பொருளே காரணம் என்று மருந்தாளர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். திறந்த போத்தலுக்குள் கிருமி வளராமல் காப்பதற்காகச் சேர்க்கப்படும் அது, சவர்க்காரத்தைப் போலத் தொழிற்பட்டு எண்ணெய்ப் படலத்தையும் கரைக்கும், மேற்பரப்புக் கலங்களையும் நோகடிக்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை விடுபவருக்கு அது பெரிய தொல்லை தராமல் போகலாம். நாலு தடவைக்கு மேல் விடவேண்டியவர் பதனப்பொருள் இல்லாததையே தேடவேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. எல்லாப் பதனப்பொருளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ரிப்ரெஷ் ரியர்ஸில் சேர்க்கப்படுவது ஒளி பட்டதும் உப்பாகவும் நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துபோகும் வகை என்பதால்தான் அது எனக்கு எரிவைத் தரவில்லை என்று நினைக்கிறேன். ஒரு மருந்தைத் தெரிவுசெய்ய இன்று பெட்டியைக் கையில் எடுத்தால் முன்பக்கப் பெயரைப் பார்ப்பதில்லை, அந்தச் சிறிய எழுத்தைத்தான் தேடுகிறேன்.

ஒருமுறை மட்டும் பாவிக்கும் 0.4 மில்லிலீற்றர் சின்னக் குப்பிகளுக்கு 2021 இல் மாறினேன். சீப்புப் பல் போல ஐந்து ஐந்தாக ஒட்டியிருக்கும் அவற்றில் ஒன்றைப் பிரித்து, தலையைத் திருகி முறித்தால் சின்னதாக ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். முறிந்த விளிம்பில் பிளாஸ்ரிக் துகள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் முதற் சொட்டை நிலத்தில் விட்டுவிடுவேன். கண்ணுக்குத் தேவை ஒரே ஒரு சொட்டு. கண் தாங்குவதே ஒரு சொட்டின் அளவுக்குச் சற்றுக் குறைவு என்பதால் இரண்டாவதாக விடுவது கன்னத்துக்குத்தான் போகும். குப்பிக்குள்ளோ எட்டுப் பத்துச் சொட்டு இருக்கும். மிச்சத்தை மூடி வைத்து அடுத்த நாள் விடும் ஆசையை, விலையைக் கண்டவர் எவராலும் அடக்குவது கடினம்.

நான் அடக்கவில்லை. 2022 இல் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து, மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக நாடு கிடந்த மாதங்களில், திறந்த குப்பியைப் பஞ்சால் அடைத்து மூன்று நாள் பாவித்தேன். நாலாம் நாள் காலையில் இமைகள் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோடு பத்து நாள் கிடந்தேன்.

பதனப்பொருள் இல்லாதது என்ற சொல்லை மட்டும் நம்புவதும் போதாது என்பதை அடுத்த வருடச் செய்தி உணர்த்தியது. சென்னைக்கு அருகே தயாரிக்கப்பட்டு ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்தால், மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்றி, 14 பேர் பார்வையை இழந்ததுடன் 4 பேர் இறந்தும் போனார்கள். பலமுறை திறந்து மூடும் போத்தலில் பதனப்பொருள் இல்லாமல் அது அடைக்கப்பட்டிருந்தது. அப்படியான போத்தலென்றால் கிருமி உள்ளே போகாதபடி தடுக்கும் அமைப்பு இருக்கவேண்டும். ஜேர்மனியில் இருந்து மச்சான் கொண்டுவந்து தரும் ஹைலோ கொமொட் அந்த வகையைச் சேர்ந்தது. சோடியம் ஹயலுரோனேற்று என்னும் ஈரமூட்டும் பொருளை 0.1 சதவீதம் கொண்ட அதைத் திறந்தபின் ஆறு மாதம் பாவிக்கலாம். கண் சிமிட்டும்போது இளகி, சிமிட்டாதபோது இறுகி நிற்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால் பார்வை மங்குவதில்லை, வேலை நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் இன்னும் காணவில்லை. குறையென்றால், போத்தலின் அடியைப் பெருவிரலால் பலமாக அழுத்தவேண்டும். கைநடுக்கம் உள்ள அம்மாவால் அது முடியவில்லை.

அம்மாவின் வைத்தியம் முற்றத்து நந்தியாவட்டைப் பூ. ஈரப் பூவை மூடிய கண்ணின்மேல் ஒற்றிக்கொள்வது எனக்கும் பிடிக்கும். அதைப் பிழிந்து கண்ணுக்குள் விடுவதற்கு மாத்திரம் நான் சம்மதிப்பதில்லை.

இரவுக்குக் காபொமர் என்னும் தடிப்பான கண் ஜெல் வைத்திருக்கிறேன். விட்டால் கால் மணித்தியாலத்துக்குக் கண்முன்னே பனிப்புகார் படிந்ததுபோல இருக்கும், ஆகையால் படுக்கப்போகும் கடைசி வேலையாகவே அதை விடவேண்டும். அதற்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, இமை விளிம்பை மெல்ல நீவிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால், சொட்டுகளின் எண்ணிக்கையை ஆறில் இருந்து மூன்றாகக் குறைத்தது இந்தத் துணிதான். செம்மண் புழுதிக்குத் தும்மல் வந்தபோதெல்லாம் போட்டுவந்த பிரிட்டன் (Piriton) என்னும் ஒவ்வாமைக் குளிசை கண்ணையும் உலர்த்தும் என்று தெரிந்து அதையும் குறைத்தேன். கட்டிலுக்கு நேரே இருந்த மின்விசிறியைத் திருப்பி வைத்தேன்.

வைத்தியர் எழுதிய பழைய மருந்துத் துண்டைக் காட்டி ஸ்டீரொயிட் கலந்த துளிமருந்தை வாங்கி மாதக்கணக்கில் விடுபவர்களை எனக்குத் தெரியும். சிவப்பு உடனே மறையும், ஆனால் கண்ணின் உள்ளழுத்தம் சத்தமில்லாமல் ஏறிப் பார்வை நரம்பைத் தின்றுவிடும். நோவு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வைக் குறைவு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் செயற்கைக் கண்ணீரோடு மினக்கெடாமல் கண் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும்.

இந்த வருடச் சோளகம் தொடங்கிவிட்டது. தலைக்கவசத்தின் கண்ணாடியை முழுவதும் இறக்கிக்கொண்டு போனாலும், மண்டைதீவுச் சந்தி தாண்டும்போது இடக்கண் மட்டும் இன்னமும் நீர் வடிக்கிறது. வலக்கண் பேசாமல் இருக்க இடக்கண் ஏன் அடங்கவில்லை என்பதைத்தான் அடுத்த கிளினிக்கில் முதலாவதாகக் கேட்க இருக்கிறேன்.